பையன் சம்பாதிக்கும் காசை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எரியோட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா போன ஆடியில் என் வீட்டுக்கு வந்தார். கையில் மஞ்சப்பை. அதற்குள் ஸ்மார்ட் கார்டு, ஆதார் நகல்கள், வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கும் கணவரின் சம்பளச் சீட்டு, மகனின் வங்கிப் பாஸ்புக். மகன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு.

"சார், அவுக மில்லுல 14,000 வாங்குறாக. நான் பூக் கட்டி விக்கிறேன், செலவு போக மாசம் ஒரு 3,000 நிக்கும். இவன் சனி ஞாயிறு திண்டுக்கல்லுல பிரியாணிக் கடைக்குச் சப்ளைக்குப் போறான். ஸ்காலர்ஷிப்புக்கு அதையும் எழுதணுமா, வேணாமா?"

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகை மேசையில் பல வருஷம் உட்கார்ந்து எழுந்தவன் நான். இந்தக் கேள்வியைக் கேட்காத ஆகஸ்ட் மாதம் ஒன்றுகூட இல்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இரவு லோடு ஏற்றிவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருகிறவன், நிலக்கோட்டையில் விடியுமுன் மல்லிகை பறித்துவிட்டு பஸ் ஏறுகிற பெண், சின்னாளபட்டியில் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவள், நாகல்நகரில் மாலை டியூஷன் எடுக்கிறவர் என்று எல்லா வகைப் பிள்ளைகளும் இதே கேள்வியோடு வந்து நின்றிருக்கிறார்கள்.

அந்த அம்மாவின் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தோம். அப்பாவுக்கு வருஷம் 1,68,000. அம்மாவுக்கு 36,000. ஆக 2,04,000. பையனுக்கு நாளைக்கு 600, வாரம் இரண்டு நாள், பரீட்சை, ஊர்த் திருவிழா போக வருஷத்துக்கு 40 வாரம் என்று வைத்தால் 48,000. எல்லாம் சேர்த்தால் 2,52,000. உதவித்தொகைக்கான வரம்பு 2,50,000.

பையன் கணக்கில் கெட்டிக்காரன். "ரெண்டு வாரம் லீவு போட்டிருந்தா உள்ள வந்திருப்பேனா சார்?" என்றான்.

வந்திருப்பான்தான். ஆனால் அவன் லீவு போடவே தேவையில்லை. எவ்வளவு என்பதைப் பார்க்கும் முன், யாருடைய வருமானத்தைக் கேட்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 'குடும்ப ஆண்டு வருமானம்' என்று எல்லாப் படிவமும் ஒரே சொல்லைத்தான் போடுகிறது. அந்தக் 'குடும்பத்துக்குள்' யார் யார் இருக்கிறார்கள் என்பதோ படிவத்துக்குப் படிவம் மாறும்.

மாநில உதவித்தொகை: கேட்பது பெற்றோர் வருமானத்தை

முதலில், பாதிப் பேர் தேவையில்லாமல் கவலைப்படுகிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் வகுப்புப் பிள்ளைகள் அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ மூன்றாண்டு பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். படித்தால், அந்தத் துறையின் உதவித்தொகைக்கு வருமான நிபந்தனையே கிடையாது. திண்டுக்கல் எம்.வி.எம். அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்த பெண் டியூஷன் எடுத்து எவ்வளவு சம்பாதித்தாலும் இந்த ஒரு விஷயத்தில் யாரும் கேட்கப்போவதில்லை. முதுகலை, பாலிடெக்னிக், பொறியியல் போன்ற மற்ற படிப்புகளுக்குத்தான் 2,50,000 வரம்பு வருகிறது. ஒவ்வொரு ஆண்டும் மாவட்ட ஆட்சியர் பெயரில் செய்தித்தாளில் வரும் அறிவிப்பைக் கவனமாகப் படியுங்கள். 'பெற்றோரது ஆண்டு வருமானம்' என்றிருக்கும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைக்கும் வரம்பு 2,50,000தான். மத்திய அரசின் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை நெறிமுறைகளில் நெடுங்காலமாக ஒரு குறிப்பு உண்டு. தாய், தகப்பனில் ஒருவர் உயிரோடு இருக்கும் வரை அவர்களுடைய வருமானத்தை மட்டும் எடுக்க வேண்டும், வீட்டில் வேறு யார் சம்பாதித்தாலும் சேர்க்கக்கூடாது என்பது அது. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வாங்கும் சம்பளம் இந்தக் கணக்கில் வராது. பெரியப்பாவின் பென்ஷனும் வராது. கல்யாணமாகி, வேலைக்குப் போகாமல் படிக்கும் பெண் என்றால் கணவர் வருமானம். பெற்றோர் இருவருமே இல்லாத பிள்ளை என்றால்தான், படிக்க வைக்கும் காப்பாளரின் வருமானம். சம்பாதித்துக்கொண்டிருந்த அப்பா வருஷ நடுவில் இறந்துபோய், அதனால் குடும்பம் வரம்புக்குள் வந்துவிட்டால், அந்த மாதத்திலிருந்தே தகுதி உண்டு. இந்தக் கடைசி விஷயம் கல்லூரி எழுத்தர்கள் பலருக்கே தெரியாது. துக்க வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்கவும் மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்தான் நினைவுபடுத்த வேண்டும்.

இனி நம் பையனின் காசு. அதே நெறிமுறைகளில் 'வேலையில் இருக்கும் மாணவர்' பற்றித் தனியாக ஒரு பத்தி இருக்கிறது. அப்படிப்பட்டவரின் சம்பளத்தையும் பெற்றோர் வருமானத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டியும் வரம்புக்குள் இருந்தால், திருப்பித் தராத கட்டாயக் கட்டணங்கள் மட்டும் கிடைக்கும், மாதாமாதம் வரும் பராமரிப்புத் தொகை கிடைக்காது. ஒரு மில்லிலோ கடையிலோ நிரந்தரமாக வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களை நினைத்து எழுதியது இது. சனி ஞாயிறு இலை போட்டுப் பரிமாறி, நாள் கூலி வாங்கி வருகிற பையன் இதில் வருவானா? அகராதி வைத்துச் சொல்ல முடியாது. என் கருத்து, வரமாட்டான் என்பதுதான். முதலாளியின் பதிவேட்டில் பெயர் ஏறி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் தொடங்கிவிட்டது என்றால் கதை வேறு. அப்போது அவன் வேலையில் இருக்கிறவன்தான். மறைக்காமல் கூட்டிக் காட்டுவதே நல்லது. பிடித்தம் ஆதாரோடு கட்டுண்டு கிடக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வெளியே வரும்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒருமுறை எம்.எஸ்ஸி. படித்த ஒரு பெண்ணிடம், "டியூஷன் காசையும் சேர்த்தே போடும்மா, பின்னால வம்பு வேணாம்" என்று அதிகாரமாகச் சொன்னேன். அப்போது வரம்பு 2,00,000. சேர்த்ததில் தாண்டிவிட்டது. அந்த வருஷத்து உதவித்தொகை போயிற்று. விதியை நான் உட்கார்ந்து படித்தது அதற்கு அடுத்த வருஷம். அந்தப் பெண் ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எரியோட்டு அம்மாவுக்கு நான் சொன்ன எண் 2,04,000.

ஒரே வீடு, வேறு வேறு தொகை

இதே பையன் நாளைக்குத் திருச்சி என்ஐடியிலோ வேறு மத்திய அரசு நிறுவனத்திலோ இடம் கேட்கிறான் என்று வையுங்கள். அங்கே ஓபிசி இடஒதுக்கீட்டுக்கு 'வளமான பிரிவைச் சேராதவர்' என்ற சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டு அரசின் இடஒதுக்கீட்டில் இந்த வளமான பிரிவு என்ற பேச்சே இல்லாததால், நம் ஊரில் பலர் இதைப் பற்றிக் கவுன்சலிங் அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறார்கள். 1993 செப்டம்பரில் வந்த மத்திய அரசு ஆணையிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. 2017 முதல் வரம்பு 8,00,000. தொடர்ந்து மூன்று வருஷம் அதை எட்டியிருந்தால்தான் தகுதி போகும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வருமானச் சோதனையில் பெற்றோரின் சம்பளம் கணக்கில் சேராது. விவசாய வருமானமும் சேராது. மாணவரின் சொந்தச் சம்பாத்தியம் அறவே சேராது. பெற்றோர் வகிக்கும் அரசுப் பதவிக்குத் தனிச் சோதனை உண்டு, அது நம் மில் தொழிலாளியைத் தொடாது. ஆக, எரியோட்டு வீட்டில் மிஞ்சுவது அம்மாவின் பூ வியாபாரம் மட்டும்: 36,000. நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர், அப்பா பள்ளி ஆசிரியர் என்கிறவர் எல்லாம் '8 லட்சம் தாண்டிவிடுமோ' என்று சான்றிதழே வாங்காமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். தாண்டுவது எந்த வருமானம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

இதற்கு நேர் எதிர் ஒன்று இருக்கிறது. 2019இல் வந்த, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காடு இடஒதுக்கீடு. எந்த இடஒதுக்கீட்டுப் பட்டியலிலும் வராத வகுப்பினருக்கு. மாநிலக் கல்லூரிகளில் இது நடைமுறையில் இல்லை, மத்திய நிறுவனங்களில் உண்டு. இங்கே குடும்பம் என்றால் விண்ணப்பிக்கும் மாணவர், பெற்றோர், 18 வயதுக்குக் கீழுள்ள உடன்பிறப்புகள், கல்யாணமாகியிருந்தால் துணையும் 18க்குக் கீழுள்ள குழந்தைகளும். சம்பளம், விவசாயம், வியாபாரம், தொழில் எல்லாம் வரும். மாணவரின் பெயர் பட்டியலில் முதலில் நிற்பதால் அவர் சம்பாதித்ததும் கூட்டலில் வரும். வரம்பு 8,00,000 என்பதால் வாரக்கடைசிக் கூலியால் யாருக்கும் தலை போகாது. கூச்சப்படாமல் எழுதுங்கள்.

தேசிய உதவித்தொகைத் தளம் வழியாகப் போகும் மத்தியக் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு வரம்பு 4,50,000. பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தில் மேல்மட்ட 20 விழுக்காட்டுக்குள் வந்தவர்களுக்கு, இளங்கலையில் வருஷம் 12,000 கிடைக்கும். தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கான ஏஐசிடிஇ பிரகதி உதவித்தொகை 50,000, வரம்பு 8,00,000. இரண்டுக்கும் வருவாய்த் துறையின் வருமானச் சான்றிதழில் உள்ள தொகைதான் ஆதாரம்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகைக்கும் வருமான வரம்பு இல்லை. முதல் தலைமுறைச் சலுகையில் பார்ப்பது வீட்டில் பட்டதாரி உண்டா என்பதை. அங்கே போய் வருமானச் சான்றிதழை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

அமெரிக்காவில் மகள் படிக்கிறாள் என்று ஒரு நண்பர் அந்த ஊர்ப் படிவத்தைக் காட்டினார். ஃபாஃப்சா என்று பெயர். பெற்றோரைச் சார்ந்த மாணவரின் வருமானத்துக்கே அதில் தனிக் கணக்கு. 2024–25ஆம் கல்வியாண்டில் முதல் 9,410 டாலரை விட்டுவிட்டார்கள். வரி போன்ற கழிவுகளும் போக மீதியில் பாதியை 'படிப்புக்குப் போடலாம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். கல்லூரி வளாகத்திலேயே உதவித் திட்டத்தின் கீழ் வேலை செய்து வாங்கிய கூலியைக் கழித்தும் விடுகிறார்கள். பிள்ளை உழைக்கும் என்று ஒப்புக்கொண்டு எழுதப்பட்ட விதி. நம்மூர் விதிகள் எழுதப்பட்டபோது, கல்லூரிப் பிள்ளை பிரியாணிக் கடையில் நிற்கும் என்று யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

இ-சேவை மையத்தில்

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். கேன் என்ற குடிமக்கள் பதிவு எண் இல்லாவிட்டால் முதலில் அதைப் போடுவார்கள். பிறகு யார் யாருக்கு எந்த வழியில் எவ்வளவு என்று நிரப்புவார்கள். இந்த இடத்தில்தான் தவறு நடக்கும். மையத்தில் இருக்கும் பிள்ளை திரையைப் பார்த்தபடியே, "வீட்டுல யார் யார் வேலைக்குப் போறீங்க?" என்று கேட்கும். நீங்களும் வெள்ளந்தியாக அண்ணன், தம்பி எல்லோரையும் சொல்வீர்கள். அத்தனையும் ஒரே கூட்டலாகிவிடும். "இது மெட்ரிக் மேற்படிப்பு ஸ்காலர்ஷிப்புக்கு; அப்பா, அம்மா வருமானம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் கையெழுத்துப் போடும் உறுதிமொழியிலும் அதே தொகை இருக்கிறதா என்று பாருங்கள்.

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், அதற்கு மேல் துணை வட்டாட்சியர் என்று போகும். வி.ஏ.ஓ. விசாரிக்கும்போது பையனைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: "படிக்கிறான்யா, லீவு நாள்ல கூலிக்குப் போவான்." அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. திண்டுக்கல் வட்டம் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக இருப்பதால், நகரத்துக்குள் வீடு மாறியவர்கள் ஸ்மார்ட் கார்டு முகவரி எந்த வட்டத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார்டு ஒரு பக்கமும் ஆதார் ஒரு பக்கமும் காட்டினால் விண்ணப்பம் திரும்பி வரும்.

நிலம் உள்ளவர்கள் சிட்டா, அடங்கல் எடுத்துக்கொண்டு போங்கள். அய்யலூர்ச் சந்தையில் தக்காளி நல்ல விலைக்குப் போன ஒரு வாரத்தை வைத்து வருஷத்தைப் பெருக்காதீர்கள். ரோட்டில் கொட்டிவிட்டு வந்த வாரங்களும் அதே வருஷத்தில்தான் இருக்கின்றன. விதை, உரம், ஆள் கூலி, வண்டி வாடகை போக நின்றதுதான் வருமானம்.

பலர் வீட்டில் 72,000 என்று போட்ட பழைய சான்றிதழ் ஒன்று இருக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வரம்பு அந்த எண்ணாக இருந்தது. பிறகு 1,20,000 ஆனது. காப்பீட்டுக்காக 'எல்லாரும் போடுற தொகை' என்று அன்றைக்கு எழுதியதையே இன்றைக்குப் படிப்புக்கும் எழுதாதீர்கள். ஏன் என்றால், கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போவீர்கள். கடனில் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மேலாளர் மில் சம்பளச் சீட்டைக் கேட்பார். சீட்டில் மாதம் 14,000. சான்றிதழில் மாதம் 6,000. பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தின் வட்டிச் சலுகைக்கும் வருமானச் சான்று வைக்க வேண்டும். இரண்டு தாள்களும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது உங்கள் குரல் தானாகத் தணிந்துவிடும். சரியான 2,04,000 எழுதியிருந்தால் 4,50,000 வரம்புக்குள்ளும் வருகிறது, 8,00,000 வரம்புக்குள்ளும் வருகிறது. குறைத்து எழுதி என்ன லாபம்?

பிடிபட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: பொய்த் தகவல் கொடுத்து வாங்கியது தெரிந்தால் உதவித்தொகை அப்போதே ரத்து, வாங்கிய பணத்தைத் திரும்பக் கட்ட வேண்டும், மேற்கொண்டு எந்த உதவித்தொகையும் கிடையாது. விதியில் அப்படியே இருக்கிறது.

வங்கிப் பாஸ்புக்கும் ஜிபேயும்

எரியோட்டு அம்மாவின் உண்மையான பயம் பாஸ்புக்தான். பிரியாணிக் கடைக்காரர் ஞாயிறு இரவு 1,200 ரூபாயை ஜிபேயில் போட்டுவிடுகிறார். உதவித்தொகை வருவதும் அதே கணக்கில். "இதப் பாத்துட்டு நிறுத்திருவாகளோ?" என்றார்.

கணக்கில் பணம் வருவதே ஒரு குற்றமில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான். பெரியப்பா போட்ட 500, நண்பன் திருப்பித் தந்த 300, கூலி 1,200 எல்லாம் கலந்து கிடந்தால் பார்ப்பவருக்கு எல்லாமே சம்பளமாகத்தான் தெரியும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, இடம், கூலி என்று எழுதி வரச் சொன்னேன். உதவித்தொகை வரும் கணக்கில் ஆதார் இணைந்திருந்தால் மட்டும் போதாது, என்பிசிஐ இணைப்பும் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினேன். வருமானம் எல்லாம் சரியாக இருந்து, இந்த இணைப்பு இல்லாததால் பணம் வராமல் நின்றவர்கள்தான் அதிகம்.

வருமான வரிப் பக்கம் ஒரு வார்த்தை. முதலாண்டில் பல பிள்ளைகளுக்கு 17 வயது. 18 ஆகாத பிள்ளை தன் உடலுழைப்பாலோ திறமையாலோ சம்பாதித்தது பெற்றோர் வருமானத்தோடு சேராது. ஆனால் தாத்தா பேரன் பெயரில் போட்ட வைப்புத்தொகையின் வட்டி, பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். படிப்புச் செலவுக்கென்று கிடைக்கும் உதவித்தொகைக்கு வரி இல்லை. அதையே வருமானமாகக் காட்டி அடுத்த உதவித்தொகையை இழக்கிறவர்களும் இருக்கிறார்கள். சாப்பாடு டெலிவரிக்குப் போகும் பையனுக்கு வரி பிடித்திருந்தால், கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். அப்படித் தாக்கல் செய்தவுடன் அவனுடைய வருமானம் அரசாங்கப் பதிவில் ஏறிவிடுகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்து, மற்றப் படிவங்களிலும் அதே எண்ணைச் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் யாராவது எழுதிக் கேட்டால் கொடுப்பதற்கு, அன்றைக்கு வெள்ளைத்தாளில் அந்தப் பையனையே எழுத வைத்தேன். நீங்களும் இப்படியே எழுதலாம், எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்:

"என் தந்தையின் ஆண்டு வருமானம் ரூ.1,68,000, தாயின் ஆண்டு வருமானம் ரூ.36,000, ஆக ரூ.2,04,000. இதற்கான வருமானச் சான்றிதழை இணைத்துள்ளேன். நான் முழுநேர மாணவன். விடுமுறை நாட்களில் தினக்கூலி வேலை செய்து வருஷத்துக்குச் சுமார் ரூ.48,000 பெறுகிறேன். எனக்கு நிரந்தர வேலையோ, பி.எஃப். பிடித்தமோ இல்லை. இந்தத் தொகை பெற்றோர் வருமானத்தில் சேர்க்கப்படவில்லை."

கடைசி வரியைப் படித்ததும் அம்மா, "அதையும் நாமளே சொல்லணுமா?" என்றார். நாம் சொன்னால் அது தகவல், அவர்கள் கண்டுபிடித்தால் புகார் என்றேன். பையன் கையெழுத்துப் போட்டான். தேதியை மறந்துவிட்டான், வாசல்படி இறங்கப்போனவனைக் கூப்பிட்டுப் போட வைத்தேன். இரண்டு நகல் எடுத்து, ஒன்றை நாற்பது பக்க நோட்டுக்குள் மடித்து வைக்கச் சொன்னேன்.